ஏகாந்தத்திற்கு ஓர் ஊர்

சென்ற புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், நமது நண்பர் ஒருவர் கையில் பூகோளப் படத்துடன் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முப்பது வருஷம் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு மனைவியை இழந்தவர். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து வாழ்கிறார்கள். படத்தை மேஜையின் மீது விரித்து, பிரஞ்சு தேசத்தின் நடுப்பகுதியில் விரலை வைத்து, "இங்கே ஏதாவது ஒரு சின்னப் பட்டணத்தில் ஒரு மாதம் தனியாகத் தங்கலாமென்று இருக்கிறேன். எந்த ஊர் நல்லது, சொல்லுங்கள்" என்றார்.

"ஏன் பிரஞ்சு தேசம்?" என்று கேட்டோம்.

"அங்கே யாரும் என்னைத் துக்கம் விசாரிக்க மாட்டார்கள்" என்றார் நண்பர்.

இதைக் கேட்ட பிறகு நாம் சிரிக்கவில்லை. ஊரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவருடன் சேர்ந்து சிரத்தையாகவே மேற்கொண்டோம். அப்போது கற்றுக்கொண்டவற்றையும், அதன் பயனாக நாம் செய்த ஒரு சிறு பிரயாணத்தையும் நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழுதையும் ஆசிரியரும்

நண்பருடைய ஆசைக்கு மூலகாரணம் ஒரு புத்தகம். ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் என்னும் ஸ்காட்லாந்து எழுத்தாளர் 1878-ஆம் ஆண்டில் லெ மோனாஸ்டியே என்ற பிரஞ்சு மலையூரில் சுமார் ஒரு மாதம் தங்கினார். பிறகு அறுபத்தைந்து பிராங்கும் ஒரு கிளாஸ் பிராந்தியும் கொடுத்து மோடஸ்டீன் என்ற கழுதையை வாங்கி, அதன் மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு செவென் மலைப் பிரதேசத்தில் பன்னிரண்டு நாள் நடந்தார். அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1879-இல் வெளியாயிற்று. அதைப் பல வருஷங்கள் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவர் நம் நண்பர். கழுதையின் குணாதிசயங்களை வர்ணிக்கும்போதெல்லாம் வகுப்பே அவரைப் பார்த்துச் சிரிக்குமாம்.

ஸ்டீவன்ஸன் காலத்து மோனாஸ்டியேயை இன்று தேடினால் அகப்படுமா? பிரஞ்சுக்காரர்களுக்கே இந்தக் கவலை உண்டு. 1982-ஆம் ஆண்டில் கொலோன்ழ்-லா-ரூழ் என்ற சிற்றூரின் மேயராயிருந்த சார்ல் ஸெய்ராக் என்பவர், அழகான கிராமங்களைக் காப்பதற்கென்று ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்ட ஜனத்தொகை உள்ள ஊருக்கு அதில் இடமில்லை. 1999-இல் இத்தாலியில் 'நிதான நகரங்கள்' என்ற பொருள்படும் 'சிட்டாஸ்லோ' இயக்கம் தோன்றியது. ஐம்பதாயிரத்துக்கு உட்பட்ட ஜனத்தொகையுடைய ஊர்களே அதில் சேரலாம். 2010-இல் பிரான்ஸிலிருந்து முதன்முதலாகச் சேர்ந்த ஊர் ஸெகோன்ஸாக்.

இவற்றையெல்லாம் படித்து, தனியாகத் தங்கப் போகிறவன் ஓர் ஊரிடம் என்னென்ன கேட்க வேண்டுமென்று நாங்கள் ஒரு பட்டியல் போட்டோம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தே போகக்கூடியதாக இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது சந்தை கூட வேண்டும். சந்தை கூடாத ஊர் தூங்கும் ஊர். காரில்லாமல் போய்ச் சேரவும் திரும்பவும் வழி இருக்க வேண்டும். உடம்புக்கு வந்தால் காட்டிக்கொள்ள வைத்தியர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தினந்தோறும் ஒரே கடையில் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் கடைக்காரர் நம் முகத்தை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர் பிரசித்தி பெற்றதாக இருக்கக் கூடாது.

பட்டியல் முடிந்ததும் நாம் ஒரு சந்தேகத்தை எழுப்பினோம். தமிழ் நாட்டில் தனியாக ஒரு வாரம்கூடத் தங்கிப் பழகாத மனிதர், பாஷை தெரியாத தேசத்தில் ஒரு மாதம் தனியாக இருந்துவிட முடியுமா? நீச்சல் கற்க விரும்புகிறவன் நேரே சமுத்திரத்தில் குதிப்பதுண்டா? முதலில் ஒரு குளம் வேண்டாமா?

"குளம் எங்கே இருக்கிறது?" என்றார் நண்பர்.

நமது மலைகள்

மலை என்றதும் நம்மவர்களுக்கு உதகமண்டலமும் கொடைக்கானலும் ஏற்காடும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இவையெல்லாம் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு அஞ்சித் தங்களுக்காக அமைத்துக்கொண்ட ஊர்கள். உதகையில் ஜான் ஸல்லிவன் துரை 1820-களில் வீடு கட்டினார். கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் குடியேறினார்கள். துரைமார்கள் போய்விட்டார்கள், அவர்கள் காட்டிய வழியை மட்டும் நாம் விடவில்லை. கோடையில் அத்தனை பேரும் அங்கேயே போகிறோம். கூட்டம் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் முன்கூட்டியே 'இ-பாஸ்' பெற வேண்டியதாயிற்று. சீட்டு வாங்கிக்கொண்டு போய்த் தேடும் ஏகாந்தம் எத்தகையதாயிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பிரஞ்சு ஊர்தான் வேண்டுமென்றால் நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருந்தது. பிரிட்டிஷ் சர்க்காரின் பிடிக்கு எட்டாத ஊர் என்று 1908-இல் பாரதியார் அங்கே போனார். பத்து வருஷம் இருந்தார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்த வாசத்தின் பயன். 1910-இல் அரவிந்தரும் அங்கே வந்து சேர்ந்தார். ஆனால் அவர்கள் போனது ஓய்வுக்காக அல்ல. வீட்டு வாசலில் ஒற்றர்கள் காவலிருந்தார்கள். அத்தகைய இடத்திலும் அமைதியைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இன்றைய புதுச்சேரியிலோ சனி, ஞாயிறுகளில் கடற்கரையில் நிற்கவும் இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே நாம் படத்தில் வேறோர் இடத்தில் விரலை வைத்தோம். அது ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாடு. "முதலில் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் நண்பர், பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கே உரிய எச்சரிக்கையுடன். அப்படியே மார்கழி முதல் வாரத்தில் நாம் புறப்பட்டோம். இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 'நாம்' என்று பன்மையில் எழுதினாலும், பஸ்ஸில் நாம் வாங்கியது ஒரே ஒரு டிக்கெட்தான்.

மலையேற்றம்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. சுமார் எண்பது கிலோ மீட்டர் நீளமும் முப்பத்திரண்டு கிலோ மீட்டர் அகலமும் உடையது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் மூன்று நாடுகளும் திருப்பத்தூரைச் சேர்ந்தவை. சிவகங்கைச் சீமையிலுள்ள திருப்பத்தூர் வேறு. இது ஜோலார்பேட்டைக்கு அருகிலுள்ள திருப்பத்தூர். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஒரு பக்கம் ஏலகிரி, மறு பக்கம் ஜவ்வாது மலை என்று இரு மலைகளுக்கு நடுவே இருக்கிறது.

மலைக்கு ஏறுமுன் திருப்பத்தூரிலேயே நாம் ஒரு வேளை தங்கினோம். 'கிறிஸ்துகுல ஆசிரமம்' அங்கேதான் இருக்கிறது. சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் டாக்டரும், ஸ்காட்லாந்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்த ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்ற டாக்டரும் 1921-இல் அதை ஸ்தாபித்தார்கள். ஜனங்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தார்கள். இருவரும் கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் செய்து வாழ்ந்தார்கள். சின்னண்ணன் 1932-இல் சென்னையில், அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் போலீஸாரின் தடியடிக்கு ஆளானவர். சொந்த தேசத்தில் சுகமாக இருந்திருக்கக் கூடிய மனிதர், எங்கேயோ ஒரு சிறு பட்டணத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கே ஆயுளைக் கொடுத்துவிட்டார். ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு. இதை மனத்தில் வாங்கிக்கொண்டுதான் மலை பஸ்ஸில் ஏறினோம்.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கீழே திருப்பத்தூர்ச் சமவெளி சிறுகச் சிறுகத் தட்டையாகிக்கொண்டே போயிற்று. வண்டியில் பாதி மனிதர்கள், பாதி மூட்டைகள். சந்தைச் சாமான், உரம், ஒரு புதுப் பாய், பள்ளிக்கூடப் பெண்ணின் மடியில் ஒரு கோழி. இறங்குகிற ஒவ்வொருவரும் கண்டக்டரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டே இறங்கினார்கள். காற்றில் குளிர் ஏற ஏற நமது துண்டு தோளிலிருந்து காதுக்கு ஏறிற்று.

நாட்டில் ஒரு வாரம்

இம்மலையில் வாழ்கிறவர்களை மலையாளிகள் என்று சொல்கிறார்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது, பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மலைப் பிரிவுகளை 'நாடு' என்று அழைப்பது இவர்களுடைய பழைய வழக்கம். 'எந்த நாடு?' என்று கேட்டால் இந்தியா என்று பதில் வராது.

ஏலகிரியில் இருப்பதுபோல் விடுதிகள் இங்கே வரிசையாக நிற்கவில்லை. நாம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, இங்கே வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஓர் அறையைப் பெற்றிருந்தோம். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, நிலத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். வேறொன்றும் இல்லை.

முதல் நாள் நமக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதையோ மறந்து வந்துவிட்டது போன்ற உணர்ச்சி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாகப் பொழுது போயிற்று. இரண்டாம் நாள் சோர்வு வந்தது. கொண்டுபோன புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பல தடவை படித்தோம். 'இன்றைக்கே பஸ் ஏறிவிடலாமா?' என்றுகூடத் தோன்றியது. தனிமையைத் தேடிப் போகிற எல்லோருக்கும் இந்த இரண்டு நாள் உண்டு என்றும், இதைத் தாண்டாதவர்கள் தங்கியதாகவே கணக்கில்லை என்றும் இப்போது நாம் நிச்சயமாகச் சொல்வோம்.

மூன்றாம் நாள் காலையில் தேநீர்க் கடைக்காரர், நாம் கேட்குமுன்பே சர்க்கரை குறைத்த தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். பட்டியலில் எழுதியிருந்த ஐந்தாவது நிபந்தனை நிறைவேறிவிட்டது!

அதன் பிறகு நாள் நீண்டது, ஆனால் கனக்கவில்லை. சாமை இம்மலையின் முக்கியமான தானியம். ஆனி, ஆடியில் விதைத்து மழைக்காலத்தில் அறுக்கிறார்கள். நாம் போனபோது அறுவடை முடிந்து, களத்து மேட்டில் வைக்கோல் குவிந்து கிடந்தது. சாமைச் சோறும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் நடந்தால், அரிசிச் சோற்றுக்குப் பிறகு வரும் மந்தம் வருவதில்லை. வீட்டுக்கு வீடு பலா மரம் நின்றது. "கோடையில் வாருங்கள், பழத்தின் வாசனையே வழி காட்டும்" என்றார் ஒரு பெரியவர். சந்தனத்துக்கும் பெயர் பெற்றது இம்மலை. திருப்பத்தூரில் சந்தனக் கட்டைகளுக்கென்று அரசாங்கக் கிடங்கே இருக்கிறது. ஆனால் கிழவரோ, தம் சிறு வயதில் பார்த்த மரங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கையை விரித்தார்.

இரவுதான் மலையின் பெரிய செல்வம். விளக்கை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், கார்த்திகைக் கூட்டமும் மிருகசீரிஷமும் செந்நிறத் திருவாதிரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றின. இந்த இருட்டின் அருமையைத் தெரிந்து இதே மலையைத் தேடி வந்த ஒருவர் உண்டு. வைணு பாப்பு என்ற வான நூல் அறிஞர் இம்மலைத் தொடரில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் ஒரு சிறிய தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கிற்று. 1977-இல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. இரண்டேகால் மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள பெரிய தொலைநோக்கி முற்றுப்பெறுவதைக் காண பாப்பு இருக்கவில்லை, 1982-இல் காலமானார். 1986 ஜனவரி 6-ஆம் தேதி ராஜீவ் காந்தி அதற்கும் அந்த நிலையத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். இருட்டைக் கெடுக்காமல் இருட்டிலிருந்து எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள். அமைதியைத் தேடிப் போகிறவர்களும் அவ்வாறே செய்யலாமென்று நமக்குத் தோன்றியது.

பஸ் நிறுத்தத்தில்

ஐந்தாம் நாள் விடியற்காலை. பனி இறங்கிய சாலையில் உலாவிக்கொண்டிருந்தோம். 'எவ்வளவு நிசப்தம்!' என்று மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்த சமயம், ஒரு பெண் வேகமாக நடந்து வந்தாள். தோளில் மூன்று வயதுக் குழந்தை, போர்வைக்குள் சுருண்டு கிடந்தது.

"பஸ் போயிடுச்சுங்களா, ஐயா?" என்றாள்.

"இன்னும் வரவில்லை, அம்மா" என்றோம்.

குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டும்படி சொல்லியிருக்கிறார்களாம். சாலை இல்லாத குக்கிராமத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டு நடந்து வந்திருக்கிறாள். புருஷன் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறான். பஸ் அன்று தாமதம். முக்கால் மணி நேரம் நாங்கள் மூவரும் நின்றோம். நேற்று வரையில் நமக்கு இன்பமாயிருந்த அந்த நிசப்தம், அந்த முக்கால் மணி நேரத்தில் வேறொன்றாகிவிட்டது. வண்டியின் சத்தம் எங்கேயாவது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

நடுவில் அவள், "நீங்க என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்டாள். 'அமைதியாக இருப்பதற்காக வந்தோம்' என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. "ஆசிரியர் வீட்டுக்கு வந்திருக்கிறோம்" என்று மட்டும் சொன்னோம்.

பஸ் வந்தது. உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து அவளுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். மறுநாள் மாலை அதே பஸ்ஸில் அவள் திரும்பி வந்ததைப் பார்த்தோம். குழந்தை தோளுக்கு மேலே தலையை நிமிர்த்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரையில் நமக்குப் புத்தகத்தில் மனம் செல்லவில்லை.

நமக்கு அமைதியாகத் தோன்றுவது இம்மலை ஜனங்களுக்குத் தூரம். ஆஸ்பத்திரிக்குத் தூரம், கலாசாலைக்குத் தூரம், கூலி கிடைக்கும் இடத்துக்குத் தூரம். ஊர் சந்தடியற்று இருப்பதற்கு ஒரு காரணம், உழைக்கும் வயதினர் பலர் வெளியூர் போயிருப்பதே. அவ்வாறு போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிப் போலீஸார் சுட்டதில் தமிழர் இருபது பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். அழகிய மலையைப் பற்றி எழுதும் கட்டுரையில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலையின் அமைதியைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது முறையல்ல என்பது நமது அபிப்பிராயம்.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம், போகவும் வேண்டும். நம் நாட்டையே நாம் அறியாமலிருப்பதைவிடப் பெரிய தரித்திரம் வேறில்லை. ஆனால் விருந்தாளியாகப் போக வேண்டும். கூட்டமாகப் போகாமல் தனியாகவோ இருவராகவோ போகலாம். தங்குமிடத்தை நிச்சயித்துக்கொண்ட பிறகே ஏற வேண்டும். காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் பேரம் பேசாமல் கொடுக்கலாம். சாமையையும் தேனையும் விளைவிப்பவர் கையிலிருந்தே வாங்கலாம். கேட்காமல் யாரையும் படம் பிடிக்க வேண்டாம். பாட்டுப் பெட்டியையும் காலிப் புட்டிகளையும் மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'எத்தனை அருமையான இடம், இங்கே ஒரு விடுதி கட்டினால் எப்படி?' என்று நினைக்காத மனம் வேண்டும். சாலையும் பஸ்ஸும் வைத்தியமும் இம்மலைக்கு இன்னும் வேண்டும். அவற்றால் நமது ஏகாந்தம் கொஞ்சம் குறைந்தால், குறைந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவையும் திரும்பி வந்து நண்பரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவர் வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அங்கே என்னைத் துக்கம் விசாரிப்பார்களா?" என்று கேட்டார்.

"விசாரிப்பார்கள். ஆனால் அவர்களுடைய துக்கத்தையும் சொல்வார்கள்" என்றோம்.

தை மாதத்தில் அவர் பத்து நாள் என்று சொல்லிப் புறப்பட்டார். பதினாறாம் நாள்தான் திரும்பினார். ஒரு மூட்டைச் சாமை, கறுத்த முகம், நல்ல பசி. மாலை வேளைகளில் அந்த ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாராம். கழுதையின் கதையைச் சொன்னபோது, பழைய வகுப்பைப் போலவே எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்களாம். இதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்து நாம் பார்த்தது அன்றுதான்.

பாஸ்போர்ட் விண்ணப்பம் அவருடைய மேஜையில் இன்னும் பூர்த்தியாகாமல் கிடக்கிறது. ஆனி மாதம் பலாப் பழத்துக்கு வரும்படி பிள்ளைகள் அழைத்திருக்கிறார்களாம். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நியாயந்தானே? மோனாஸ்டியே எங்கே ஓடிவிடப் போகிறது!